வண்ணக்கர் பட்டியலில் இல்லாத அக்கா

அக்காவின் மகள் தரம் 9 படிக்கிறாள். வரலாற்றுப் பாடத்துக்கு ஒரு ஒப்படை கொடுத்திருந்தார்கள்: ‘எமது ஊரின் வரலாறும் பெரியார்களும்’. சனிக்கிழமை காலையில் பெரிய டிமைத் தாளை விறாந்தையில் விரித்துவைத்து, நாலு மூலைக்கும் நாலு கொப்பியைப் பாரமாக வைத்துவிட்டு, “மாமா, நம்மட ஊர்ல பெரியாக்கள் ஆரெல்லாம்?” என்று கேட்டாள். நானும் பத்திரிகையை மடிக்காமலே சொல்லிக்கொண்டு போனேன். கோயிலை நடத்திய வண்ணக்கர்மார், நிறைய வயல் வைத்திருந்த பெரிய போடியார் இரண்டு பேர், பள்ளிக்கூடத்தைத் தொடங்கிய வாத்தியார், முதல் தபாலதிபர், பாம்புக் கடிக்கு மருந்து கொடுத்த பரிசாரி, வடமோடிக் கூத்து பழக்கிய அண்ணாவியார். மொத்தம் பத்துப் பெயர்.

எழுதி முடித்து ஒருமுறை வாசித்தாள். “ஒரு பொம்புளையும் இல்லையா?”

“இருந்திருப்பாங்க” என்றேன்.

அந்த ‘இருந்திருப்பாங்க’ பற்றித்தான் இந்தக் கட்டுரை. பெண்கள் இருந்தார்கள் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் பெயர் கேட்டால் வாயில் வருவதில்லை. ஏன் வருவதில்லை, அதை எப்படித் தேடுவது என்பதைத்தான் ‘வரலாற்றில் கவனிக்கப்படாத பெண்களின் பங்களிப்பு’ என்று ஆய்வாளர்கள் பெரிய தலைப்பில் பேசுகிறார்கள். விஷயம் அவ்வளவு கடினமானதில்லை. இலங்கையின் கிழக்கில், மட்டக்களப்புப் பக்கம் இருக்கும் நம் ஊரை வைத்தே பார்த்துவிடலாம்.

முதலில் ஒன்றைப் பிரித்து வைத்துக்கொள்ள வேண்டும். ஊரில் நடந்தது ஒன்று. நடந்ததில் எழுதி வைக்கப்பட்டது இன்னொன்று. எழுதி வைத்ததிலும் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டது மூன்றாவது. இதை ஒரு அரிதட்டுக்குக் கீழே இன்னொரு அரிதட்டு என்று நினைத்துக்கொள்ளுங்கள். வயலில் பாதி வேலையைச் செய்த பெண், காணிப் பதிவில் வருவதற்கு வாய்ப்புக் குறைவு. பதிவில் தப்பித் தவறி வந்தாலும், கோயில் மலரிலோ பாடசாலை விழா மலரிலோ வருவது அதைவிடக் குறைவு. மூன்றாவது அரிதட்டில் விழுந்ததைத்தான் நாம் ‘வரலாறு’ என்று படிக்கிறோம். அங்கே பெண் இல்லை என்றதும், முதலிலேயே இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறோம்.

இது நம் ஊருக்கு மட்டும் வந்த நோய் இல்லை. ஆராய்ச்சிக் கூடங்களுக்குள்ளும் இருந்தது. பெண் கண்டுபிடித்ததன் பெருமை பக்கத்தில் நின்ற ஆணுக்குப் போய்ச் சேருவதற்கு, மார்கரெட் ரோசிட்டர் என்ற அறிவியல் வரலாற்றாசிரியர் 1993 இல் ‘மட்டில்டா விளைவு’ என்று பெயர் வைத்தார். அந்தப் பெயருக்குரிய மட்டில்டா ஜோஸ்லின் கேஜ் 19 ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் பெண்ணுரிமைக்காகப் போராடியவர். பெண்கள் கண்டுபிடித்த கருவிகளைப் பற்றி அந்தக் காலத்திலேயே எழுதியவர். உதாரணம் வேண்டும் என்றால் ஜோசலின் பெல். 1967 இல் கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சி மாணவியாக இருந்தபோது, தொலைநோக்கி வரைந்து தள்ளிய நீளமான காகிதச் சுருள்களைப் பார்த்துக்கொண்டிருந்தவர், சீரான இடைவெளியில் துடிக்கும் ஒரு சின்னக் குறியைக் கவனித்தார். பல்சர் என்ற விண்மீன் வகை அப்படித்தான் தெரியவந்தது. 1974 இல் நோபல் பரிசு அவருடைய மேற்பார்வையாளர் அந்தனி ஹியூவிஷுக்கும் மார்ட்டின் ரைலுக்கும் போனது. அவருக்கு இல்லை.

ஆனாலும் ஜோசலின் பெல்லுக்கு ஒரு வசதி இருந்தது. காகிதச் சுருள் இருந்தது, அதில் அவருடைய கையெழுத்தும் இருந்தது. பிறகு வந்தவர்கள் ‘இது அவர் பார்த்தது’ என்று காட்ட முடிந்தது. நம் ஊரில் பாய் இழைத்தவளுக்கும் பிள்ளை பிறப்பித்தவளுக்கும் சுருளும் இல்லை, கையெழுத்தும் இல்லை.

சரி, டிமைத் தாளுக்கு வருவோம். அந்தப் பத்துப் பெயரில் நாலு பெயர் வண்ணக்கர்மாருடையவை. மட்டக்களப்புப் பக்கம் இல்லாதவர்களுக்கு: வண்ணக்கர் என்றால் கோயிலின் பொறுப்பாளர், மற்ற இடங்களில் தர்மகர்த்தா என்பார்கள். கோயிலில் இன்ன குடிக்கு இன்ன நாள் திருவிழா, இன்ன குடிக்கு இன்ன மரியாதை என்று ஒழுங்கு உண்டு. அந்தக் குடி, அதாவது குலம், தாய்வழியில் வருவது. அம்மா என்ன குடியோ பிள்ளையும் அந்தக் குடி. என் பிள்ளைகள் என் குடி இல்லை, என் மனைவியின் குடி. ஒப்படையோடு உட்கார்ந்திருக்கிறாளே அக்காவின் மகள், அவள்தான் என் குடி. மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் முஸ்லிம்களிடமும் இதே குடிமுறை உண்டு. பள்ளிவாசலில் குடிக்கொரு மரைக்கார் என்ற வழக்கம் அதிலிருந்து வந்ததுதான்.

இப்போது அந்த நாலு வண்ணக்கர் பெயரையும் மறுபடி பாருங்கள். முதலாமவருக்கு அடுத்தவர் அவருடைய மகன் இல்லை, மருமகன். அதாவது அக்காவின் மகன். மூன்றாமவர் இரண்டாமவரின் மருமகன், நாலாமவர் மூன்றாமவரின் மருமகன். பழைய வழக்கப்படி பதவி தாய்மாமனிடம் இருந்து சகோதரியின் மகனுக்கு இறங்கும். எல்லாக் கோயிலிலும் இன்று அப்படி இல்லை, பல இடங்களில் கூட்டம் கூட்டித் தெரிவு செய்கிறார்கள். ஆனால் எங்கள் பட்டியல் பழைய வழக்கத்தில் வந்த பட்டியல். மாமனுக்கும் மருமகனுக்கும் நடுவில் ஒருத்தி இருந்தே ஆக வேண்டும். அவள் இல்லாமல் இரண்டாவது பெயர் முதல் பெயருக்குக் கீழே வர வழியே இல்லை. அவள் வழியாகத்தான் பதவி இறங்கியது, பட்டியலில் மட்டும் அவள் இல்லை. சங்கிலியின் வளையங்களை எழுதிவிட்டு, வளையங்களைக் கோத்த கண்ணியை விட்டுவிட்ட மாதிரி.

இதைச் சொன்னதும் மருமகள் இரண்டு பெயருக்கும் நடுவில் பென்சிலால் ஒரு வெற்றுக்கோடு போட்டாள். அப்புறம் அடுத்த இரண்டுக்கும். மொத்தம் மூன்று கோடு. இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்தது முழுக்க அந்த மூன்று கோட்டில் இருக்கிறது என்றே நினைக்கிறேன். இல்லாத பெண்ணைக் கற்பனை செய்யச் சொல்லவில்லை, யாரையும் தூக்கிவைத்துப் புகழவும் சொல்லவில்லை. இருந்தே ஆக வேண்டிய ஒருத்தியின் இடத்தைக் காலியாகவாவது காட்டுங்கள் என்கிறோம், அவ்வளவுதான்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கையும் தேவை. தாய்வழி என்றால் தாயாட்சி என்று அர்த்தம் இல்லை. வெளியூர் நண்பர்கள் சிலர் ‘உங்கட பக்கம் பெண்கள் ராச்சியமாமே’ என்று கண் விரியக் கேட்பார்கள். இல்லை. குடி பெண் வழியாக வந்தது. வண்ணக்கராக இருந்தது ஆண். வீடு பெண்ணுடையது, பஞ்சாயத்தில் பேசியது ஆண். ஆனால் வீடு பெண்ணுடையது என்பது லேசான விஷயமும் இல்லை. இந்தப் பக்கத்தில் மகளுக்குக் கல்யாணம் என்றால் வீடு கட்டிக் கொடுப்பார்கள், மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வருவார். சண்டை வந்து அவர் வெளியேறினால் கையில் உடுப்புப் பையோடுதான் வெளியேற வேண்டும். அந்த நிலம் அவளுடைய அம்மாவின் வளவு, அதற்கு முன் அம்மம்மாவின் வளவு.

இதற்கெல்லாம் ஒரு காலத்தில் சட்டத்திலும் இடம் இருந்தது. முக்குவர் சமூகத்தின் பெயரால் முக்குவர் சட்டம் என்று சொல்லப்பட்ட மட்டக்களப்பின் தாய்வழிச் சொத்துரிமை வழக்கத்தைப் பிரிட்டோ என்பவர் 1876 இல் நூலாக வெளியிட்டார். வேடிக்கை என்னவென்றால் அதே 1876 இல்தான் ஆங்கிலேய அரசின் திருமண உரிமை, மரபுரிமைக் கட்டளைச் சட்டம் வந்து அந்த வழக்கத்தை ஓரம்கட்டியது. இதன் பிறகும் சனங்கள் சீதன உறுதி (பத்திரம்) எழுதி வீட்டை மகளுக்கே கொடுத்து வந்தார்கள். ஆனால் அரசாங்கம் காணி கொடுக்கத் தொடங்கியபோது கதை மாறியது. 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தில் வாரிசு வரிசையைப் பார்த்தால் மகனுக்குப் பிறகுதான் மகள், பேரனுக்குப் பிறகுதான் பேத்தி. 1949 இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் மாதிரியான குடியேற்றங்களில் அரச காணி பெற்றவர்களுக்கு இந்த வரிசைதான். இது 2022 இல்தான் திருத்தப்பட்டது.

இந்தப் பத்திர விஷயம் முழு வேகத்தோடு வந்து அடித்தது சுனாமிக்குப் பிறகு. 2004 டிசம்பர் 26 இல் கல்லடி, நாவலடியில் இருந்து மருதமுனை, கல்முனை, காரைதீவு வரைக்கும் கரை அழிந்தது. பிறகு கிழக்கில் கடலில் இருந்து 200 மீட்டருக்குள் கட்டக்கூடாது என்றார்கள், உள்ளே காணி ஒதுக்கி வீடு கொடுத்தார்கள். படிவத்தில் ‘குடும்பத் தலைவர்’ என்று ஒரு கட்டம். அந்தக் கட்டத்தில் பெரும்பாலும் புருஷனின் பெயர். கடலோரத்தில் மனைவிக்கு அவளுடைய தாய் கொடுத்த வீடு போனது. உள்ளூரில் புருஷனுக்கு அரசாங்கம் கொடுத்த வீடு வந்தது. பல இடங்களில் இப்படித்தான் நடந்தது. யாரும் பறிக்கவில்லை, யாரும் அடிக்கவில்லை. ஒரு படிவம், ஒரு கட்டம், ஒரு குமிழ்முனைப் பேனை. பல தலைமுறையாகத் தாயிடம் இருந்து மகளுக்கு வந்த ஒன்று ஒரு கையெழுத்தில் திசை மாறியது. இங்குள்ள பெண்கள் அமைப்புகள் இதைக் கவனித்து, கூட்டு உரிமையாவது கொடுங்கள் என்று கேட்டன. இன்னும் ஐம்பது வருடம் கழித்து ஒருவர் அந்தப் புதிய குடியிருப்பின் ஆவணங்களை மட்டும் வைத்து வரலாறு எழுதினால், ‘இவ்வூரில் வீடுகள் ஆண்களுக்கே உரியவை’ என்று எழுதுவார். அவர் மீது பிழை சொல்ல முடியாது, பத்திரம் அப்படித்தான் சொல்லும்.

நம்ப முடியவில்லை என்றால் உங்கள் பழைய பிறப்பத்தாட்சிப் பத்திரத்தை அலுமாரியில் இருந்து எடுங்கள். தகப்பனுக்குத் தொழில் கேட்டிருக்கும். தாய்க்கு வயது கேட்டிருக்கும், தொழில் கேட்டிருக்காது. கீழே பாட்டன் இலங்கையில் பிறந்தவரா, அவர் பெயர் என்ன என்று கேட்டிருக்கும், தேவைப்பட்டால் பூட்டனையும் கேட்கும். பாட்டி எங்கே பிறந்தாள் என்று கேட்காது. பதிவாளரின் கையெழுத்து இருக்கும். அந்தப் பிள்ளையை இரவு முழுக்க விழித்திருந்து வெளியே எடுத்த மருத்துவிச்சியின் பெயருக்கு அதில் இடம் இல்லை. என் அம்மாவின் பத்திரத்தில் அம்மம்மாவைப் பற்றி அவ்வளவுதான் இருக்கிறது, ஒரு பெயரும் ஒரு வயதும். அந்த மனிஷி கதிர் அறுக்கும் அருவி வெட்டுக் காலத்தில் வயல் வட்டைக்குப் போய் வெட்டிக் கட்டியவர், வீட்டில் பன் புல்லில் பாய் இழைத்து விற்றவர், அந்தக் காசில் மாமாவை நகரத்தில் போர்டிங்கில் விட்டுப் படிப்பித்தவர்.

‘அப்படியென்றால் ராணிகளைச் சேர்த்துவிடலாமே’ என்று ஒரு யோசனை வரும். மருமகளுக்கும் வந்தது. மட்டக்களப்பு மான்மியம் என்ற பழைய வரலாற்று நூலில் உலகநாச்சி இருக்கிறாள். கலிங்கத்தில் இருந்து வந்து மண்முனையை ஆண்டதாகச் சொல்லப்படுபவள். ஆடகசவுந்தரி இருக்கிறாள். மண்முனை இன்றும் பிரதேச செயலகங்களின் பெயரில் வடக்கு, மேற்கு, பற்று என்று பிரிந்து வாழ்கிறது. இவர்களைச் சொல்லத்தான் வேண்டும், அதில் மறுப்பு இல்லை. ஆனால் இவை மரபுக் கதைகள் என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதைவிட, இரண்டு அரசிகளை முன்னுக்கு நிறுத்திவிட்டால் மூன்று பென்சில் கோடுகளும் நிரம்பிவிடாது. அரசனின் வரலாற்றில் அரசியை ஒட்டுவது சுலபம். போடியாரின் வரலாற்றில், அவருடைய வயலில் கதிர் பொறுக்கியவளை எங்கே வைப்பது என்பதுதான் கடினமான கேள்வி.

இன்னொரு வகையான மறைவும் உண்டு, பெயர் இருந்தும் ஆள் இல்லாத மறைவு. தமிழறிஞர் சுவாமி விபுலாநந்தர் 1892 இல் காரைதீவில் பிறந்தார். எந்த வாழ்க்கைக் குறிப்பை எடுத்தாலும் சாமித்தம்பிக்கும் கண்ணம்மைக்கும் மகனாகப் பிறந்தார் என்று இருக்கும். அத்தோடு கண்ணம்மையின் வேலை முடிந்தது. அடுத்த வரியில் பையன் பள்ளிக்கூடம் போய்விடுவான். அந்தத் தாய் என்ன பாட்டுப் பாடினாள், கண்ணகி அம்மன் குளிர்த்திச் சடங்குக்கு எந்த வேலையைப் பொறுப்பெடுத்தாள் என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. பின்னாளில் பழந்தமிழ் இசை பற்றி யாழ் நூல் எழுதிய ஒருவரின் காதில் முதலில் விழுந்த இசை எது என்பது, என்னைக் கேட்டால், பெரிய கேள்வி.

பாட்டு என்றதும் கவி ஞாபகம் வருகிறது. மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்து நாட்டார் கவிகள் பேர்போனவை. வயல் பரணில் காவல் இருந்தவர்கள் பாடினார்கள். பாய் இழைத்தபடி, நெல் குற்றியபடி பெண்கள் பாடினார்கள், முஸ்லிம் ஊர்களில் இன்னும் கூடுதலாக. அச்சான பல தொகுப்புகளில் அட்டையில் தொகுத்தவரின் பெயர் இருக்கும், உள்ளே பாடியவளின் பெயர் இருக்காது. ‘நாட்டார் பாடல்’ என்று ஒரு சொல் போட்டால் முடிந்தது. ‘மச்சான்’ என்று கூப்பிட்டு உருகும் கவியை ஒரு பெண் தன் வாயால் கட்டியிருக்கிறாள் என்ற நினைப்பே படிப்பவருக்கு வராது. தொகுத்தவர்கள் செய்தது பெரிய வேலை, அவர்கள் இல்லாவிட்டால் கவியும் இல்லை. ஆனால் ஒரு சின்னக் குறிப்பு, ‘பாடியவர் இன்னார், இன்ன ஊர், இன்ன வயது’ என்று போட எவ்வளவு மை செலவாகியிருக்கும்? கைத்தறியிலும் இதுதான். மருதமுனைச் சாரமும் சாரியும் பேர் எடுத்தவை. தறியில் இருப்பவரை எல்லாரும் காண்கிறார்கள். நூலுக்குக் கஞ்சி போட்டு, காயவைத்து, சுற்றிக் கொடுக்கும் வீட்டுப் பெண்ணை யாரும் நெசவாளர் என்று எழுதுவதில்லை.

சரி, எப்படித் தேடுவது? ஆளிடம் போய்க் கேட்பதுதான் முதல் வழி. ஆனால் கேட்கிற விதம் முக்கியம். மருமகளை எங்கள் தெருக் கடைசியில் இருக்கும் ஒரு ஆச்சியிடம் கூட்டிப் போனேன், எண்பது வயது தாண்டியவர். இவள் கொப்பியைத் திறந்து, “ஆச்சி, நீங்க ஊருக்கு என்ன செஞ்சீங்க?” என்று கேட்டாள். ஆச்சி சிரித்துவிட்டார். “நான் என்ன மனே செஞ்ச? ஒண்டும் செய்யல்ல. வீட்டுலதான் கிடந்த.” கொப்பியில் எழுத ஒன்றும் இல்லை.

மறுகா நான் கேள்வியை மாற்றினேன். “ஆச்சி, மாமாவைக் கட்டின வருசம், வெள்ளாமை நேரம், ஒரு நாள் விடிஞ்சதில இருந்து படுக்கிற வரைக்கும் என்ன செய்வீங்க?” அவ்வளவுதான். ஒன்றரை மணித்தியாலம் போனது தெரியவில்லை. விடியுமுன் எத்தனை மரைக்கால் நெல் குற்றுவார், கூலிக்காரருக்குச் சோறு கட்டி எந்த வரம்பால் நடப்பார், பன் பிடுங்க எந்தக் குளத்துக்குப் போவார்கள், முதலை இருக்கிறதா என்று யார் முதலில் இறங்கிப் பார்ப்பது, ஒரு பாய் என்ன விலைக்குப் போனது, அந்தக் காசை எந்த மூட்டுப்பெட்டியில் ஒளித்து வைத்தார், கோயிலுக்குக் கிணறு கட்டியபோது பெண்கள் பிடியரிசி சேர்த்துக் கொடுத்தது. அந்தக் கிணற்றுக் கட்டில் ஒரு போடியாரின் பெயர் பொறித்திருக்கிறது. சின்ன வயதில் அதில் காலை வைத்து ஏறி நானே தண்ணீர் அள்ளியிருக்கிறேன். பிடியரிசி விஷயம் அன்றுதான் எனக்கே தெரியும். ‘என்ன செய்தீர்கள்’ என்று கேட்டால் பெண்கள் சாதனையை நினைத்துக்கொண்டு இல்லை என்கிறார்கள். ‘ஒரு நாள் எப்படிப் போனது’ என்று கேளுங்கள்.

இரண்டாவது வழி, பெண்களே சேர்த்து வைத்திருப்பதைப் பார்ப்பது. இதைக் கொஞ்சம் கவனமாகச் சொல்ல வேண்டும். 1990 செப்டெம்பர் 5 இல் வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழகத்தில் இருந்த அகதி முகாமில் இருந்து 158 பேர் கொண்டுபோகப்பட்டார்கள், திரும்பி வரவில்லை. அந்த வருடங்களில் காணாமல் போனவர்கள் இன்னும் எத்தனையோ பேர். அவர்களைத் தேடிய தாய்மாரையும் மனைவிமாரையும் பத்திரிகைப் படங்களில் கையில் ஒரு போட்டோவோடு அழுதபடி நிற்பவர்களாகவே பார்த்திருக்கிறோம். அந்த வீடுகளில் ஏதாவது ஒன்றுக்குப் போய்ப் பாருங்கள். பழைய சொப்பிங் பைக்குள், மழைக்கு நனையாமல் இன்னொரு பைக்குள், பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி, செஞ்சிலுவைச் சங்கக் கடிதம், ஆணைக்குழுவுக்கு எழுதிக் கொடுத்ததன் நகல், பதில் வந்த உறை கூட. திகதி வரிசைப்படி. இடம்பெயர்ந்தபோது நகையை விட்டுவிட்டு இந்தப் பையை எடுத்துக்கொண்டு ஓடியவர்கள் உண்டு. இதற்கு ஆவணக் காப்பகம் என்று பெயர். அவர்களைத் ‘தாய்மார்’ என்று மட்டும் எழுதுகிறோம், ‘காப்பாளர்’ என்று எழுதுவதில்லை.

நம் பக்கத்தில் இந்த வேலை நடக்காமல் இல்லை. மட்டக்களப்பில் சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையம் பல வருடமாக இயங்குகிறது, ‘பெண்’ என்று ஒரு சஞ்சிகையும் வெளியிட்டு வந்தது. கிழக்குப் பல்கலைக்கழகத்தில் கற்பித்த சித்திரலேகா மௌனகுரு, ஈழத்துப் பெண்களின் கவிதைகளைத் தேடித் தொகுத்தவர்களில் முன்னோடி. ஆனால் ஒவ்வொரு தெருவுக்கும் அவர்களே வர முடியாது. தெருவுக்குத் தெரு ஒப்படை செய்யும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

டிமைத் தாளில் மூன்று கோடும் அப்படியே இருந்தன. ஆச்சியிடம் திரும்பிப் போய்க் கேட்டோம். ஒரு கோட்டுக்கு உடனே பெயர் சொல்லிவிட்டார், அவருடைய சொந்தப் பெரியம்மா. இரண்டாவதுக்கு ஒரு பெயர் சொன்னார். பக்கத்தில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த அவருடைய மச்சாள், அது தங்கையின் பெயர், மூத்தவளின் பெயர் வேறு என்றார். இரண்டு பேருக்கும் வாக்குவாதம். வெற்றிலை உரல் ஒரு பக்கம் போனது. கடைசியில் அந்தப் பெண்ணுக்குப் பக்கத்து ஊரில் ஒரு பேத்தி இருக்கிறாள், பாண் பேக்கரிக்குப் பின்னால் வீடு, சீதன உறுதி அவளிடம் இருக்கும், அதில் பார்க்கலாம் என்று சமரசம் ஆனது. மூன்றாவது பெயர் யாருக்கும் தெரியவில்லை.

திங்கட்கிழமை ஒப்படை கொடுக்க வேண்டும். ஒரு பெயரை மையால் எழுதி, இன்னொன்றைப் பென்சிலால் எழுதி, மூன்றாவது கோட்டை வெறுமனே விட்டு, மருமகள் தாளைச் சுருட்டி இறப்பர் வளையம் போட்டாள். பேக்கரிக்குப் பின்னால் உள்ள வீட்டுக்கு அடுத்த சனிக்கிழமை போவதாக இருக்கிறோம்.